ஆர்ஜி அட்டையோடு அர்ஜென்டினா: பிரேசிலில் இருந்து விசா இல்லாமல் எல்லை தாண்ட முழு வழிகாட்டி

இகுவாசு ஆற்றுக்கு மேலே தான்க்ரேதோ நேவிஸ் பாலம். அதன் கைப்பிடிச் சுவருக்குப் பாதி தூரம் பச்சையும் மஞ்சளும் அடித்திருக்கிறார்கள், மீதிக்கு வெள்ளையும் இளநீலமும். நிறம் மாறுகிற இடத்தில் பிரேசில் முடிந்து அர்ஜென்டினா தொடங்குகிறது. இந்தப் பக்கம் ஃபோஸ் தோ இகுவாசு, அந்தப் பக்கம் புவெர்த்தோ இகுவாசு. இரண்டு ஊரிலும் ஒரே அருவியைக் காட்டித்தான் பிழைப்பு நடக்கிறது.

பிரேசிலின் குரிச்சிபா நகரில் குடியிருக்கும் எனக்கு மனைவி வீட்டார் எல்லோரும் பிரேசில்காரர்கள். நாங்கள் குடும்பத்தோடு அந்தப் பக்கம் போகும்போது அவர்கள் கையில் ஆளுக்கு ஓர் அடையாள அட்டை இருக்கும், என் கையில் இந்திய பாஸ்போர்ட்டும் அதில் ஒட்டிய விசாவும் இருக்கும். ஒரே பேருந்தில் வந்து ஒரே அருவியைப் பார்க்கப் போகிறோம், ஆனால் ஆளுக்கொரு விதி. வருடா வருடம் வீட்டு ஆட்களின் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை என் தலையில்தான் விழுகிறது. இந்த ஊர்களில் வேலை பார்க்கும், இங்கே பெண் எடுத்த, படிக்க வந்த நம் ஆட்களும் இதே கேள்விகளைக் கேட்பதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில், யாருக்கு விசா வேண்டாம்

1991இல் அசுன்சியோன் ஒப்பந்தத்தில் பிறந்த, தென் அமெரிக்க நாடுகளின் மெர்கோசுர் கூட்டமைப்பு முதலில் வணிகத்துக்காக வந்ததுதான். ஆட்கள் போய்வருவதற்கான வசதிகள் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2008இல் பயண ஆவணங்கள் பற்றி ஓர் உடன்பாடு செய்தார்கள். உறுப்பு நாடுகளின் குடிமக்களும் இணை நாடுகளின் குடிமக்களும் பாஸ்போர்ட் இல்லாமல், தங்கள் நாட்டு அடையாள அட்டையை மட்டும் காட்டி எல்லை தாண்டலாம் என்பது அதன் சாரம். பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே, உருகுவே, பொலிவியா, சிலி, பெரு, கொலம்பியா, ஈக்வடார் ஆகியவை அந்த வட்டத்துக்குள் வருகின்றன. கயானாவுக்கும் சூரினாமுக்கும் பிரேசில்காரர்கள் விசா இல்லாமல் போகலாம், ஆனால் பாஸ்போர்ட் கட்டாயம்.

பலர் தடுக்கி விழுவது அடுத்த விஷயத்தில்தான். இந்த வசதி குடியுரிமையைப் பார்த்து வருவது, குடியிருப்பைப் பார்த்து வருவதில்லை. பிரேசிலில் பத்து வருடம் இருந்து, ஃபெடரல் போலீஸ் கொடுத்த சிஆர்என்எம் என்கிற வெளிநாட்டவர் பதிவு அட்டையும் வைத்திருக்கிற இந்தியருக்கு அர்ஜென்டினா எல்லையில் அந்த அட்டை விசாவுக்குப் பதிலாகாது. அங்கே உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்றுதான் பார்ப்பார்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அர்ஜென்டினா விசா வேண்டும். 2025 ஆகஸ்டில் ஒரு சலுகை வந்தது: செல்லுபடியாகும் அமெரிக்க சுற்றுலா விசா வைத்திருக்கும் இந்தியர்கள் தனியாக அர்ஜென்டினா விசா எடுக்க வேண்டியதில்லை. அது இல்லாதவர்கள் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அர்ஜென்டினா துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்து வாங்கிவிட வேண்டும். பாலத்தில் போய் நின்றுகொண்டு விசா கேட்க முடியாது.

இனி பிரேசில் குடிமக்களுக்கு.

எந்த அட்டை செல்லும், எது செல்லாது

பாஸ்போர்ட் இருந்தால் தாராளமாக எடுத்துப் போகலாம். இல்லையென்றால் ஆர்ஜி எனப்படும் மாநில அரசின் அடையாள அட்டை, அல்லது அதற்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் சின் எனப்படும் புதிய தேசிய அடையாள அட்டை. இந்த மூன்றில் ஒன்று போதும்.

ஓட்டுநர் உரிமம் செல்லாது. அதில் படம் உண்டு, பெயர் உண்டு, பிரேசிலுக்குள் விமானம் ஏறக்கூட அதை ஒப்புக்கொள்கிறார்கள். அதனால்தான் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். வக்கீல் அட்டை, பொறியாளர் மன்ற அட்டை, வேலைப் புத்தகம், பிறப்புச் சான்றிதழ் எதுவுமே எல்லையில் எடுபடாது. கைக்குழந்தை என்றாலும் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது, குழந்தை பெயரில் அட்டையோ பாஸ்போர்ட்டோ இருக்க வேண்டும். இன்னொன்று: கைபேசியில் இருக்கும் மின் அட்டையை நம்பிக் கிளம்ப வேண்டாம், அச்சிட்ட அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அட்டையின் நிலை. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் பாதிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

என் மாமியாரின் பழைய ஆர்ஜி காகிதத்தில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் செருகியது. ஓரம் பழுப்பேறி, கைரேகை இருந்த இடம் கருப்பு மச்சம் மாதிரி கரைந்திருந்தது. படத்தில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, நீண்ட சுருட்டை முடி. எதிரே நின்றவர் அறுபதைத் தாண்டிய, குட்டையாக முடி வெட்டிய, கண்ணாடி போட்ட அம்மா. புவெனஸ் அயர்ஸுக்குப் போக விமான நிலையம் வரை போனோம். கவுண்டரில் இருந்த பெண் படத்தைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். "இதை வைத்து உங்களை ஏற்றினால், அங்கே திருப்பி அனுப்பினால் எங்கள் தலையில்தான் விழும்" என்று சொல்லி அட்டையை நீட்டிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பும் இல்லை. மாமியார் மட்டும் வாடகைக் காரில் வீடு திரும்பினார். அந்த வருடம் முழுக்க அதைச் சொல்லிக் காட்டினார், அது வேறு கதை.

பழைய ஆர்ஜியில் காலாவதித் தேதி அச்சிடப்பட்டிருக்காது. பிரேசிலுக்குள் அது 2032 பிப்ரவரி 28 வரை செல்லும். ஆனால் எல்லையிலும் விமான நிறுவனக் கவுண்டரிலும் பத்து வருடத்துக்குள் எடுத்த அட்டையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். படம் இன்றைய முகத்தோடு ஒத்துப் போக வேண்டும், எழுத்து அழியாமல் இருக்க வேண்டும், உறை பிய்ந்திருக்கக் கூடாது. உங்கள் அட்டையைக் கண்ணாடி முன்னால் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். உங்களுக்கே சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியவர்கள் டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். டிக்கெட்டை அட்டையில் இருக்கிற பெயரிலேயே எடுப்பது எளிது.

மாற்றுவது என்றால் இப்போது சின் அட்டைதான் கொடுக்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு எண் இருந்த காலம் போய், வரி எண்ணான சிபிஎஃப்பே அட்டை எண்ணாக வந்துவிட்டது. பின்பக்கம் பாஸ்போர்ட்டில் இருப்பது போல இயந்திரம் படிக்கும் வரிகளும் உண்டு. முதல் தடவை எடுக்கும் காகித அட்டை இலவசம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே ஐந்து வருடமும், அறுபது வரை பத்து வருடமும் செல்லும். அறுபதைத் தாண்டியவர்களுக்குக் காலவரை கிடையாது. மாநில அடையாளத் துறையில் நேரம் பதிவு செய்து போக வேண்டும், விடுமுறைக் காலத்தில் நேரம் கிடைப்பது கஷ்டம். குறைந்தது இரண்டு மாதம் முன்னதாக ஆரம்பியுங்கள்.

பிள்ளைகள் கூட வந்தால்

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை அப்பா அம்மா இருவரோடும் போனால் தனிக் காகிதம் எதுவும் வேண்டாம். ஆர்ஜியிலேயே பெற்றோர் பெயர் இருக்கும். ஒருவரோடு மட்டும் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் வேண்டும். பாட்டியோடோ, சித்தியோடோ, பள்ளிக் குழுவோடோ போனால் இருவரின் சம்மதமும் வேண்டும். தேசிய நீதி மன்றக் குழு 2011இல் போட்ட 131ஆம் தீர்மானம்தான் இதற்கு அடிப்படை.

கடிதத்தை வீட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனால் எடுபடாது. கார்த்தோரியோ என்கிற பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்தை உறுதி செய்து வாங்க வேண்டும். இரண்டு அசல் பிரதிகள் எடுங்கள், ஒன்றை ஃபெடரல் போலீஸ் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதாவிட்டால் இரண்டு வருடம் என்று கொள்வார்கள். கார்த்தோரியோ முறையில் இணையவழிச் சம்மதமும் இப்போது உண்டு. பாஸ்போர்ட் எடுக்கும்போதே சம்மதத்தை அதில் அச்சிடச் சொன்னவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதே பிள்ளை ஆர்ஜி அட்டையில் போனால் கடிதம் வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரிந்து வாழும் தம்பதிகள் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போட வேண்டாம்.

எத்தனை நாள் இருக்கலாம், என்ன கேட்பார்கள்

சுற்றுலாவாகப் போனால் 90 நாள். போதவில்லை என்றால் அங்கே குடியேற்றத் துறையில், அவர்கள் மொழியில் மிக்ராசியோனெஸ், பணம் கட்டி இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம். முதல் 90 நாள் முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். சுற்றுலாவாகப் போய் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. நிலைத்து இருக்கவோ வேலை பார்க்கவோ விரும்பும் பிரேசில்காரருக்கு மெர்கோசுர் குடியிருப்பு உடன்பாட்டின் கீழ் இரண்டு வருடத் தற்காலிகக் குடியிருப்பு கிடைக்கும். அதற்கு வேறு விண்ணப்பம், குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழ் எல்லாம் வேண்டும்.

எல்லையில் இருக்கும் அதிகாரி பெரும்பாலும் கேட்பது: எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள். விடுதி முன்பதிவு, திரும்பும் டிக்கெட் இரண்டையும் கைபேசியில் சேமித்து வையுங்கள், ஒரு தாளிலும் அச்சிட்டு வையுங்கள். சுற்றுலா என்று சொல்லிவிட்டு வேறு காரணத்துக்குப் போகிறார் என்று தோன்றினால் உள்ளே விட மறுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கேட்டதற்கு மட்டும் உண்மையாகப் பதில் சொன்னால் போதும், கதை வளர்க்க வேண்டாம்.

காப்பீடு பற்றி ஒரு சொல். 2025 மே மாதம் அர்ஜென்டினா அரசு 366ஆம் எண் அரசாணையால் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியது. உள்ளே வருகிறவர்கள் மருத்துவக் காப்பீடு வைத்திருக்க வேண்டும், எதற்காக வருகிறோம் என்று உறுதிமொழி தர வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள். நிரந்தரக் குடியிருப்பு இல்லாத வெளிநாட்டவர் மத்திய அரசு நடத்தும் மருத்துவமனையில் இனிப் பணம் கட்ட வேண்டும், உயிர் போகிற அவசரம் என்றால் பார்ப்பார்கள். அதனால் பாலத்தில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். சில நாட்களுக்கு என்றால் பெரிய செலவில்லை. அருவிக்கு மேலே ஈரமான இரும்புப் பாலங்களில் கால் வழுக்கினால் தெரியும் அதன் அருமை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டால்தான் உள்ளே விடுவோம் என்று அர்ஜென்டினா கேட்பதில்லை. ஆனால் இகுவாசு காடு இருக்கும் மிசியோனெஸ் பகுதிக்கு அது நல்லது. பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் போட்டுவிடுங்கள். ஒரு தடவை போட்ட ஊசியின் சர்வதேசச் சான்றிதழ் 2016 முதல் ஆயுளுக்கும் செல்லும்.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு

பிரேசில் ஓட்டுநர் உரிமம் இங்கேதான் வேலைக்கு வருகிறது, காரோட்ட அது போதும். அதோடு வண்டியின் வருடாந்திரப் பத்திரம் ஓட்டுகிறவர் பெயரில் இருக்க வேண்டும். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால், அப்பா கார் என்றாலும் சரி, முறைப்படி உறுதி செய்த அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட அந்த நிறுவனம் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும், எல்லா நிறுவனமும் கொடுப்பதில்லை.

இத்தனையோடு கார்த்தா வெர்ஜி, அதாவது பச்சைச் சீட்டு. மெர்கோசுர் நாடுகளுக்குள் வண்டி ஓட்டக் கட்டாயமான காப்பீடு இது. உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும்தான் பொருந்தும், உங்கள் வண்டிக்குச் சேராது. புறப்படும் முன் உங்கள் காப்பீட்டு முகவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் ஃபோஸ் நகரிலும் விற்கிறார்கள். எத்தனை நாள் தேவையோ அத்தனை நாளுக்கு எடுக்கலாம்.

அர்ஜென்டினா சாலை விதிப்படி தீயணைப்பான் ஒன்றும் எச்சரிக்கை முக்கோணங்களும் வண்டியில் இருக்க வேண்டும். பிரேசில் கார்களில் ஒரே ஒரு முக்கோணம்தான் வரும், இன்னொன்று வாங்கிப் போடுங்கள். நெடுஞ்சாலையில் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். இதற்கு மேல் பிரேசில் ஓட்டுநர்கள் மத்தியில் ஒரு புரளி உலவுகிறது: விபத்தில் செத்தவரை மூட வெள்ளைத் துணி ஒன்று வண்டியில் இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அபராதமாம். அப்படி ஒரு சட்டம் கிடையாது. என் மைத்துனன் மட்டும் இன்னமும் பழைய போர்வை ஒன்றைப் பின்னால் மடித்து வைத்திருக்கிறான்.

பாலத்தைத் தாண்டும் நாள்

ஃபோஸ் நகரப் பேருந்து நிலையத்துக்கு வெளியே இருந்து புவெர்த்தோ இகுவாசுக்குப் பேருந்து ஓடுகிறது. பிரேசில் குடிமக்கள் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தால் பாலம் தாண்டி அர்ஜென்டினாச் சாவடியில் இறக்கிவிடுவார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று, அட்டையை நீட்டி, கேட்டதற்குப் பதில் சொல்லி, சுங்க இயந்திரத்தில் பையை வைத்து எடுத்துக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். அட்டையில் முத்திரை போட இடமில்லை, வருகை கணினியில் பதிவாகும். பேருந்துச் சீட்டையும் விடுதி ரசீதையும் மட்டும் திரும்பும் வரை தூக்கி எறியாதீர்கள், நாள் கணக்குத் தகராறு வந்தால் உதவும்.

என்னைப் போன்ற வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு வேலை கூடுதல். பாலத்துக்கு இந்தப் பக்கம் பிரேசில் ஃபெடரல் போலீஸ் சாவடியில் இறங்கி வெளியேறும் பதிவைச் செய்ய வேண்டும். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் பேருந்து அங்கே நிற்காது. நின்றாலும் உங்களுக்காகக் காத்திருக்காது, அடுத்த பேருந்தில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். திரும்பி வரும்போதும் அதே கதை: அர்ஜென்டினாச் சாவடியில் வெளியேறி, பாலம் தாண்டி, பிரேசில் சாவடியில் இறங்கி உள்ளே வந்த பதிவு வாங்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் நேரே ஊருக்குள் போய்விட்டால், பதிவேட்டில் நீங்கள் இன்னும் வெளிநாட்டில்தான் இருப்பீர்கள்.

பராகுவேக்குப் போகும் நட்புப் பாலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். அங்கே கூட்டத்தோடு கூட்டமாக நடந்து சியுதாத் தெல் எஸ்தேயில் கடை பார்த்துவிட்டு வந்தால் யாரும் நிறுத்துவது அபூர்வம். அர்ஜென்டினாப் பக்கம் ஒவ்வொருவரின் அட்டையையும் பார்க்கிறார்கள். நீண்ட விடுமுறை நாட்களில் கார் வரிசை பாலம் வரை நீளும், காலை ஏழு மணிக்குள் தாண்டிவிடுவது நல்லது. கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை, இரண்டு நாட்டிலும் ஒரே நேரம்தான்.

பழம், இறைச்சி எடுத்துப் போகாதீர்கள், இரண்டு பக்கமும் பறிப்பார்கள். பத்தாயிரம் டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தால் சொல்லிவிட வேண்டும். சாலை வழியாகத் திரும்புகிறவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது மாதத்துக்கு ஒரு தடவை 500 டாலர் பொருள், விமானத்தில் வந்தால் 1000. மது வகை 12 லிட்டர் வரை. ஒயின் பெட்டிகளோடு நிற்பவர்களைத்தான் சுங்கக்காரர்கள் முதலில் கூப்பிடுகிறார்கள்.

மற்ற எல்லைகளில்

அட்டை விதி எல்லா இடத்திலும் ஒன்றுதான், பழக்கம்தான் மாறும். சிலியில் விவசாயத் துறைக்கு உறுதிமொழிப் படிவம் நிரப்ப வேண்டும். பையில் மறந்த ஒரு ஆப்பிளுக்குக்கூட அபராதம் போடுவார்கள், சந்தேகம் இருந்தால் 'உண்டு' என்றே எழுதுங்கள். உருகுவே எல்லையில் சந்தானா தோ லிவ்ராமெந்தோவும் ரிவேராவும் ஒரே ஊர் போல ஒட்டி இருக்கின்றன, நடுவில் ஒரு பூங்கா, அவ்வளவுதான். தெருவைத் தாண்டினால் உருகுவே, தடுக்க ஆளில்லை. கடைவீதியோடு திரும்புவதானால் பரவாயில்லை. தலைநகர் மொந்தேவிதேயோ வரை போகிறவர்கள் குடியேற்ற அலுவலகத்தைத் தேடிப் போய் நுழைவைப் பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் போனால் வெளியேறும்போது 'நீங்கள் எப்போது உள்ளே வந்தீர்கள்' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

அங்கே அட்டை தொலைந்தால்

கைப்பையோடு அட்டை போனால் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் எழுதி ஒரு பிரதி வாங்குங்கள். புவெர்த்தோ இகுவாசிலேயே பிரேசில் துணைத் தூதரக அலுவலகம் இருக்கிறது. பிரேசிலுக்குத் திரும்ப மட்டும் செல்லும் ஒரு அனுமதிச் சீட்டை அங்கே இலவசமாகக் கொடுப்பார்கள். நீங்கள் பிரேசில் குடிமகன் என்று காட்ட ஏதாவது வேண்டும். செல்லாது என்று நான் மேலே சொன்ன ஓட்டுநர் உரிமம், பிறப்புச் சான்றிதழ், அட்டையின் புகைப்படம் எல்லாம் இந்த இடத்தில் கைகொடுக்கும். ஆகவே அவற்றில் ஒன்றை அட்டை இருக்கும் பையில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள். என் மாமியார் இப்போது புதிய சின் அட்டையைக் கைப்பையிலும், அந்தப் பழைய ஆர்ஜியைப் பெட்டியின் அடியிலும் வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்.